செத்துச் செத்துப் பிழைக்கும் ஒரு சொல்

சென்ற ஜூன் மாதம், எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி ஹாலிடே ஹோம்வொர்க் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆங்கிலப் பத்தி ஒன்றைத் தமிழாக்க வேண்டுமாம். "தாத்தா, ஸ்வெல்டர்னா தமிழ்ல என்ன?" என்றாள். என் காதில் அது 'ஸ்வெட்டர்' என்று விழுந்தது. "இந்த வெயில்ல ஸ்வெட்டர் எதுக்கும்மா?" என்று கேட்டுவிட்டேன். அவள் ஓடிப்போய் அவங்க அம்மாவிடம் சொல்லிச் சிரிக்க, அன்று முழுக்க வீட்டில் இதே பேச்சுதான். டில்லிக்கு வந்த தமிழன் முதலில் வாங்குகிற உடுப்பு ஸ்வெட்டர் அல்லவா? காது அப்படிப் பழகிப்போய்விட்டது.

பத்தியில் இருந்த வாக்கியம் இதுதான்: சாலை போடும் தொழிலாளர்கள் நாள் முழுவதும் 'ஸ்வெல்டர்' ஆனார்கள். வீட்டில் இருந்த சிறிய அகராதியைப் புரட்டினோம். கடும் வெப்பம், வெப்பத்தால் வாடுதல் என்ற அளவில் பொருள் கிடைத்தது. தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் 'ஹாட்' என்ற சொல்லுக்கு முன்னால் 'வெரி' என்று சேர்த்தாலும் இதே பொருள்தானே வரும்? பிறகு எதற்கு ஆங்கிலேயன் தனியாக ஒரு சொல்லை வைத்திருக்கிறான்? பேத்தி வேறு வேலைக்குப் போய்விட்டாள். எனக்கு அந்தச் சொல் விடவில்லை. அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. ஆங்கிலச் சொற்களுக்கெல்லாம் தமிழ் வேர் காட்டும் கட்டுரைகள் நம் மலர்களில் அவ்வப்போது வருவதுண்டு. அந்த ஆசையோடு இதைப் படிக்க வேண்டாம். இந்தச் சொல் முழுக்க முழுக்க ஜெர்மானிய மொழிக் குடும்பத்துப் பிள்ளை. அதன் கதையை முதலில் அதன் சொந்த ஊரிலேயே வைத்துப் பார்ப்போம்.

சாவிலிருந்து வந்த சொல்

முதலில் ஒரு பொய் உறவை வெட்டிவிட வேண்டும். 'ஸ்வெட்' என்றால் வியர்வை. வியர்க்கவைக்கும் உடுப்பு ஆதலால் 'ஸ்வெட்டர்'. ஆகவே 'ஸ்வெல்டர்' என்பதும் அந்த வீட்டுச் சொல்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஓசைதான் ஒத்திருக்கிறதே தவிர வேர் வேறு.

பழைய ஆங்கிலத்தில் 'ஸ்வெல்டன்' என்றொரு வினைச்சொல் உண்டு. அதன் பொருள் சாதல். வெயிலில் சாதல், வியர்த்துச் சாதல் என்றெல்லாம் இல்லை, வெறும் சாவு. காத்திக் மொழியிலும் இதன் உடன்பிறப்புக்குச் சாதல் என்றே பொருள். சுமார் 1000-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஏட்டில் நமக்குக் கிடைத்திருக்கும் 'பேவுல்ஃப்' என்னும் பழங்காவியத்தில், சிகமண்ட் என்ற வீரன் புதையல் காக்கும் பெரும்பாம்பு ஒன்றை வாளால் குத்திக் கொல்கிறான். அந்தப் பாம்பு செத்தது என்று சொல்ல வருகிற வினை இதுதான்.

அக்கால ஆங்கிலத்தில் சாவைச் சொல்ல இன்னொரு வினையும் இருந்தது, 'ஸ்டேயோர்ஃபன்'. இன்றைய ஜெர்மன் மொழியில் அதன் உறவுச் சொல் 'ஷ்டெர்பன்' இன்றும் சாவதைத்தான் குறிக்கிறது. ஆங்கிலத்தில் அது 'ஸ்டார்வ்' என்று மாறி, பட்டினியால் வாடுவதற்கு ஒதுங்கிவிட்டது. வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்ததாக அறிஞர்கள் கருதும் 'டை' பொதுச் சாவுக்கான இடத்தைப் பிடித்துக்கொண்டது. புதுச் சொல் நடுக்கூடத்தில் உட்கார, பழைய இரண்டும் ஆளுக்கொரு திண்ணையைப் பார்த்துப் போயின. ஒன்று பசிக்கு, மற்றொன்று வெப்பத்துக்கு.

இதே வேர் ஸ்காண்டிநேவியாவுக்குப் போனபோது நடந்தது இன்னும் சுவையானது. அங்கே 'ஸ்வெல்டா' என்பது பட்டினி கிடப்பதைக் குறித்தது. நார்வே, டென்மார்க் மொழிகளில் 'சுல்ட்' என்றால் பசி. க.நா.சு. தமிழில் தந்த 'நிலவளம்' வழியாக நமக்கு அறிமுகமான நட் ஹாம்சன், 1890-இல் எழுதிய புகழ்பெற்ற நாவலின் பெயரே 'சுல்ட்'. ஆக, ஒரே வேர் ஓரிடத்தில் வெந்து துடிப்பவனுக்கும், இன்னோரிடத்தில் வயிறு காய்ந்தவனுக்கும் சொல்லாகியிருக்கிறது. அந்த அந்த நாட்டு மக்கள் எதற்கு அதிகம் பயந்தார்களோ அதற்கு இந்தச் சொல்லைக் கொடுத்தார்கள் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். அது அவசரம். இங்கிலாந்து என்ன வெயிலுக்குப் பேர் போன நாடா? உண்மையான பாலம் மயக்கம். சாதல் என்ற பொருள் மெல்லத் தளர்ந்து, உணர்விழத்தல், மூர்ச்சையாதல் என்றாகி, அதிலிருந்து வெப்பத்தால் மூர்ச்சையாதலுக்கு வந்து நின்றது.

அப்புறம் கடைசியில் ஒட்டியிருக்கும் 'அர்' என்ற ஓசை. ஆங்கிலத்தில் இது திரும்பத் திரும்ப நடப்பதைக் காட்டும் விகுதி. சுடர் விட்டுவிட்டு எரிந்தால் 'ஃப்ளிக்கர்'. மழைத்துளி படபடவென்று விழுந்தால் 'பாட்டர்'. அப்படியானால் 'ஸ்வெல்ட்' என்பதோடு 'அர்' சேர்ந்தால்? நேராகச் சொன்னால் செத்துச் செத்துப் போவது. 'செத்துச் செத்துப் பிழைச்சேன்' என்று நம்ம ஊர்ப் பெண்கள் சொல்வார்களே, அதேதான். அகராதி தரும் 'கடும் வெப்பம்' என்பதில் இந்தச் சாவும் இல்லை, இந்தப் பிழைப்பும் இல்லை.

காதலனும் தேரையும்

இலக்கியத்தில் இந்தச் சொல் நடந்த பாதையையும் கொஞ்சம் பார்க்கலாம். 1400-இல் மறைந்த சாசரின் கான்டர்பரி கதைகளில் மில்காரன் சொல்லும் கதை ஒன்று உண்டு. அதில் அப்சலன் என்ற காதல் பைத்தியம் இருட்டில் ஒருத்தியின் ஜன்னலடியில் நின்று, உன்னால் நான் மயங்கி வியர்க்கிறேன் என்று புலம்புகிறான். அந்த மயக்கத்துக்கு சாசர் போட்ட வினை 'ஸ்வெல்ட்'. பக்கத்திலேயே வியர்வையும் வந்துவிட்டது. பிற்காலத்தில் இரண்டையும் உறவென்று நினைக்க இதுபோன்ற சேர்க்கைகளும் காரணமாக இருக்கலாம். கவனியுங்கள், இங்கே வெயிலே கிடையாது. நேரமோ இரவு. வெப்பம் அவன் உடம்புக்குள் இருக்கிறது.

ஷேக்ஸ்பியரின் 'மேக்பத்' நான்காம் அங்கத்தில் சூனியக்காரிகள் கொப்பரையில் முதலில் போடுவது ஒரு தேரை. முப்பத்தொரு நாள் குளிர்ந்த கல்லுக்கடியில் தூங்கி, உடம்பில் விஷம் கசிந்து நிற்கும் தேரை. அந்தக் கசிவுக்கு அவர் எடுத்த சொல்லும் இதுதான். கல் குளிர்ந்திருக்கிறது, உள்ளே விஷம் வேர்த்து ஊறுகிறது. இந்தச் சொல் வானிலையைப் பற்றியதே அல்ல, உள்ளே நடப்பதைப் பற்றியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

பிறகுதான் சொல் மனிதனை விட்டு நாளுக்குத் தாவியது. 'ஸ்வெல்டரிங் டே' என்றார்கள். துடித்தவன் மறைந்து, துடிக்கவைத்த நாள் எழுவாயாகிவிட்டது. செய்தித்தாளின் வானிலைப் பகுதியில் தினம் தினம் புழங்கி, சாவு வாசனை போய், வெறும் 'ரொம்ப சூடு' என்றாகிவிட்டது. அகராதிக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆங்கிலேயனே தன் சொல்லை மறந்த பிறகு நாம் எங்கே போய்க் கேட்பது?

மேயும் ஜூலையும்

இதற்குத் தங்கை ஒருத்தி உண்டு, 'சல்ட்ரி'. 'ஸ்வெல்டர்' என்பதன் திரிபான 'சல்டர்' என்ற வழக்கொழிந்த வினையிலிருந்து பிறந்தவள். காற்றசையாத ஈரப்புழுக்கத்தை இவள் எடுத்துக்கொண்டாள். பின்னால் சினிமாப் பத்திரிகைகளில் நடிகைகளின் கவர்ச்சிக்கும் இவளே அடைமொழியானது வேறு கதை. 'டாரிட்' என்பது இந்தக் குடும்பமே இல்லை. உலர்த்துதல், வறட்டுதல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தாகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் வடமொழியின் 'த்ருஷ்ணா'வும் அதற்குத் தூரத்துச் சொந்தம்.

டில்லிவாசிகளுக்கு இந்த வேற்றுமையைப் பாடம் நடத்தவே வேண்டாம். மே மாதம் 'லூ' வீசும்போது உதடு வெடிக்கும், துவைத்துப் போட்ட வேட்டி பத்து நிமிஷத்தில் அப்பளமாகிவிடும். அது 'டாரிட்'. ஜூலையில் மழை எட்டிப்பார்த்ததும் ஹிந்திக்காரர்கள் 'உமஸ்' என்பார்களே, அது 'சல்ட்ரி'. மே மாதம் கூலர் நன்றாக வேலை செய்யும். உலர்ந்த காற்று ஈரத் தட்டி வழியாக வரும்போது நீர் ஆவியாகி, காற்றின் வெப்பத்தைக் கொண்டுபோய்விடுகிறது. வெள்ளைக்காரன் காலத்து கஸ்கஸ் தட்டியும் இதே வித்தைதான். அந்தக் கஸ்கஸ் நம் வெட்டிவேர். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயரும் தமிழிலிருந்து போனதே. ஜூலையில் அதே கூலரைப் போட்டால் அறை குளியலறை மாதிரி ஆகிவிடும். ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்று மேலும் ஈரம் ஏற்காது. நம் உடம்பும் ஒரு கூலர்தான். வியர்வை ஆவியாகிற வரையில் பிழைப்பு. ஆகாவிட்டால் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும்.

1979 ஜூனில் நான் கரோல்பாகில் ஒரு பர்சாத்தியில் குடியேறினேன். மொட்டைமாடியில் ஒற்றை அறை. நள்ளிரவில் குழாயைத் திறந்தால் வெந்நீர். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் வெயிலில் வளர்ந்தவன் என்ற இறுமாப்பு ஒரே வாரத்தில் போயிற்று. அம்மாவுக்கு எழுதினேன்: 'இங்கு வெயில் சற்று அதிகம்.' வேறென்ன எழுத? அம்மாவுக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையனை வைத்து எழுதிய பதில் வந்தது. "எய்யா, அங்கனயும் ராத்திரியில அவிச்சலா இருக்கா? சன்னலத் தொறந்து வச்சுப் படுய்யா." அந்த வரியை அன்று நான் பெரிதாக எண்ணவில்லை. கட்டுரையின் கடைசியில் அதற்குத் திரும்பி வருவேன்.

லாகூரின் ஒரு இரவு

ஸ்வெல்டர் என்பதன் மூலப் பொருளுக்கு இந்த மண்ணிலேயே எழுதப்பட்ட விளக்கம் ஒன்று உண்டு. 1885-இல், லாகூர்ப் பத்திரிகை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பத்தொன்பது வயது ரட்யார்ட் கிப்ளிங் எழுதியது. ஜேம்ஸ் தாம்ஸன் என்ற கவிஞரின் நெடும்பாடலிலிருந்து கடன் வாங்கி, 'பயங்கர இரவின் நகரம்' என்ற பொருளில் தலைப்பு வைத்தார். வெக்கையில் தூக்கம் வராமல் நள்ளிரவில் நடக்கிறார். தெருவெங்கும் கூரைகளெங்கும் மனிதர்கள் பிணங்களைப் போல நீட்டிக் கிடக்கிறார்கள். வசீர்கான் மசூதியின் கோபுரத்தில் ஏறி நகரத்தைப் பார்க்கிறார்.

இந்தப் படைப்பின் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தூங்கும் ஏழைகளைப் பிணமாகப் பார்ப்பது மேலே நிற்பவனின் பார்வை. அவர்களில் ஒருவரோடும் நின்று பேச்சில்லை. ஆனால் முடிவில் அவர் ஏமாற்றவில்லை. விடியும் நேரத்தில் ஒரு பெண்ணின் உடலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இரவின் வெப்பத்தில் இறந்தவள். அதுவரை உவமையாக இருந்த சாவு அந்த இடத்தில் நிஜமாகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்த வினைச்சொல் தன் பழைய பொருளைத் திரும்பப் பெற்ற இடம் லாகூர்த் தெரு என்று சொல்வேன்.

தமிழில் என்ன சொல்வது?

நம் செய்தித்தாள்களை எடுத்துக்கொள்வோம். 'வெயில் கொளுத்துகிறது', 'சுட்டெரிக்கிறது', 'வாட்டி வதைக்கிறது'. எல்லாவற்றிலும் எழுவாய் வெயில்தான். மனிதன் செயப்படுபொருள், பல சமயம் அவனும் இல்லை. அதோடு எல்லாமே தீயின் மொழி, பகலின் மொழி. இதற்கும் மரபு உண்டு. தொல்காப்பியம் பாலைக்கு வகுத்த பொழுது வேனிலும் நண்பகலும் அல்லவா? உலர்ந்த வெப்பத்துக்கு நம்மிடம் சொல் வளம் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் வெயிலே இல்லாத ராத்திரியில் 'வெயில் கொளுத்துகிறது' என்று எழுத முடியுமா?

'வெக்கை' நல்ல சொல். தரையும் சுவரும் வாங்கிவைத்த சூட்டைத் திருப்பித் தருவது. பூமணி 1982-இல் வெளிவந்த தம் நாவலுக்கு அதைப் பெயராக வைத்தபோது, மனிதர்களின் உள்ளே கனன்றதும் அதில் சேர்ந்துகொண்டது. 2019-இல் என். கல்யாண்ராமன் மொழிபெயர்ப்பில் அது 'ஹீட்' என்று வந்தது. குற்றமில்லை, வேறு வழியும் குறைவு. ஆனாலும் தமிழ்த் தலைப்பைச் சொன்னதும் உடம்பில் படுகிற அந்த மண் சூடு ஆங்கிலத் தலைப்பில் இல்லை. அங்கிருந்து இங்கே வரும்போது நேர்கிற நஷ்டம் இங்கிருந்து அங்கே போகும்போதும் நேர்கிறது.

'புழுக்கம்' இன்னும் கிட்டே வருகிறது. நெல்லைப் புழுக்குவது, புழுங்கல் அரிசி, மனப்புழுக்கம் என்று வீடு முழுக்க அதற்குச் சொந்தங்கள். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசியபோது, கறுப்பின மக்களின் நியாயமான மனக்கொதிப்பின் கோடையையும், அநீதியின் வெப்பத்தில் தவிக்கும் மிஸிஸிப்பியையும் 'ஸ்வெல்டரிங்' என்ற சொல்லால்தான் குறித்தார். தேய்ந்துபோன சொல்லுக்கு அந்த மேடை உயிர் கொடுத்தது. துன்பப்படுகிறவன் மறுபடி எழுவாயானான். அந்த உரையைத் தமிழாக்குகிறவர் 'கொளுத்தும்' என்று போட்டால் பாதி போய்விடும். 'புழுங்கும்' என்று போட்டால் உடம்பும் மனமும் சேர்ந்து வரும்.

ஆனால் புழுக்கத்தில் சாவு இல்லை. அங்கேதான் அம்மாவின் கடிதம் நினைவுக்கு வந்தது. அவிச்சல்! தெற்கத்திச் சீமையில் இன்றும் புழங்கும் சொல். 'அவி' என்றால் நீராவியில் வேகுதல், இட்லி அவிக்கிறோம். 'அவி' என்றால் அணைந்துபோதலும்தான். விளக்கு அவிஞ்சு போச்சு என்கிறோம். பழந்தமிழில் ஒடுங்குவதற்கும் அடங்குவதற்கும் இதே வினை. ஈரச் சூட்டில் வெந்து, சுடர் ஒடுங்குவது போல மனிதன் ஒடுங்குவது, இரண்டும் ஒரே சொல்லில். ஸ்வெல்டருக்கும் இதற்கும் ரத்த உறவு கிடையாது. இரண்டு ஊரிலும் மனித உடம்பு ஒன்றுதான் என்பதால் வந்த ஒற்றுமை இது. படித்துப் பட்டம் வாங்கிய நான் 'சற்று அதிகம்' என்று எழுதினேன். எழுதத் தெரியாத அம்மாவிடம் சரியான சொல் இருந்தது.

சொல் எதற்காக?

ஒரு சொல்லுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். சமவெளியில் குறைந்தது 40 டிகிரி, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதல் என்றால் வெப்ப அலை என்பது நம் வானிலைத் துறையின் கணக்கு. கணக்கு அவசியம்தான். ஆனால் அது காற்றின் சூட்டைச் சொல்கிறது, மனிதன் படும் பாட்டைச் சொல்லவில்லை. 2010 மே மாதம் ஆமதாபாதில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாகப் பின்னர் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பழைய ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கழித்தபோதுதான் அந்த எண்ணே வெளிவந்தது. அதன் பிறகு, 2013-இல், அந்த நகரம் வெப்பத்துக்கென்று செயல்திட்டம் வகுத்தது. வெப்பத்தில் சாகிறவன் 'வெப்பத்தால்' என்று எழுதிவைத்துவிட்டுச் சாவதில்லை. மாரடைப்பு, மூச்சுத்திணறல் என்று வேறு பெயர்களில் அந்தச் சாவு பதிவாகிவிடுகிறது.

2024 ஜூன் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். டில்லியில் இரவின் குறைந்தபட்ச வெப்பமே 35 டிகிரியைத் தொட்ட நாட்கள். எங்கள் குடியிருப்பின் வாசலில் கரிப்பெட்டியால் இஸ்திரி போடுகிற பெரியவர் ஒரு மத்தியானம் மேஜைமேலேயே சாய்ந்துவிட்டார். நாலு பேர் சேர்ந்து தண்ணீரை ஊற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்றேன். "மைம் தோ மர் கயா தா, பாபுஜி" என்றார் சிரித்தபடி. நான் செத்தே போயிருந்தேன் என்கிறார். மறுநாள் மறுபடி அதே கரிப்பெட்டி, அதே மேஜை. செத்துச் செத்துப் பிழைப்பது என்றால் இதுதான். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்தச் சொல்லின் பொருள் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் எங்கள் குடியிருப்பில் யாரும் இல்லை.

பேத்தியைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். பாதி புரிந்தது, பாதிக்குக் கொட்டாவி விட்டாள். இஸ்திரிக்காரர் கதைக்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நோட்டில் எழுதினாள்: 'சாலை போடும் தொழிலாளர்கள் நாள் முழுவதும் அவிந்துகொண்டிருந்தார்கள்.' எழுதிவிட்டு, "மிஸ் தப்புன்னு சுழிச்சுட்டா என்ன தாத்தா பண்றது?" என்றாள்.

"சுழிச்சா, உங்க கொள்ளுப்பாட்டி சொன்ன வார்த்தைன்னு சொல்லு" என்றேன்.